உன் கோபுரத்தை நான் வேண்டாமென்று சொன்ன நாள்

ஜோயல் கண்ணா,

அடுத்த வாரம் இந்நேரம் உன் கல்யாணத்துக்கு வீடு கொள்ளாமல் ஆட்கள் இருப்பார்கள். உன் அத்தைகள் சமையலறையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா பந்தல்காரரோடு வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். உன்னை யாராவது எங்காவது இழுத்துக்கொண்டு போவார்கள். நீயும் நானும் மட்டும் உட்கார்ந்து பேச இனி எப்போது வாய்க்குமோ தெரியாது. முந்தாநாள் சாப்பிடும்போது ஆரம்பித்துப் பார்த்தேன். "சரிம்மா, சரிம்மா" என்றபடியே கை கழுவ எழுந்து போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன். ஆயுசு முழுக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டில் எழுதிய கை இது, சுருக்கமாக எழுதித்தான் பழக்கம். இன்றைக்கு மட்டும் நீளமாக எழுத ஆசையாக இருக்கிறது. இப்படி ஒன்று எழுதப்போகிறேன் என்று உன் கம்பெனி பர்வீனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தன்னிடம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படித்துக் காட்டக் கொடுங்கள் என்று அவள் கேட்கிறாள். நீ படித்துவிட்டுச் சரி என்றால் கொடுப்பேன்.

புத்தி சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. கொஞ்சம் சொல்வேன், அம்மா அல்லவா. ஆனால் இது நன்றி சொல்வதற்காக எழுதுவது.

நீ சென்னையிலிருந்து திரும்பி வந்த நாளில் ஆரம்பிக்கிறேன். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாய். பெரிய பெட்டி, தலையணை, பக்கெட் எல்லாம் கூடவே வந்தன. பக்கெட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. லீவுக்கு வருகிறவன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான். அப்பா, "இன்னாடா ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆவல. வேலை போய்டுச்சு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அதன்பிறகு பல மாதங்கள் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியேதான் இருந்தது. சாப்பாட்டுக்கு வருவாய், போட்டதைச் சாப்பிடுவாய், போய்விடுவாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பாய்.

எங்கள் வார்டில், வலிக்கிறது என்று கத்துகிற நோயாளியைப் பற்றி நாங்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, எது கேட்டாலும் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்கிறவரைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்போம். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். ஊரார் பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேச்சுக் கொடுக்கத் தெரிந்த எனக்கு உன்னிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டியூட்டி முடிந்து வரும்போது தெரு முனையிலேயே உன் அறை ஜன்னலைத்தான் பார்ப்பேன். ஜன்னல் திறந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

அப்பாவுக்குத்தான் முதல் நன்றி. ஷூ கம்பெனியில் அவருடைய ஸ்டிச்சிங் செக்‌ஷனுக்கு ஆர்டர் விவரங்களைப் பார்க்கும் சாஃப்ட்வேர் செய்துகொடுத்தது ஆம்பூர் பைபாஸ் ரோட்டிலிருக்கும் ஒரு சின்னக் கம்பெனி. அதை நடத்துகிறவள் வாணியம்பாடிப் பெண், பர்வீன். அப்பா உனக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல் அவளைப் போய்ப் பார்த்திருக்கிறார். உனக்குச் சிபாரிசு செய்து பேச அவருக்கு வரவில்லை. "பையன் நல்லவன்மா. யார்கிட்டயும் பேசமாட்டான். மத்தபடி நல்லவன்" என்றாராம். பர்வீன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும், நீ மனமில்லாமல் ஆம்பூர் பஸ் ஏறியதும் உனக்கே தெரியும். இதுவும் போனால் என்ன ஆவாய் என்ற நினைப்பை நானும் அப்பாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே சுமந்துகொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் பர்வீன் எனக்குப் போன் செய்தாள். ஆம்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கு, எந்த நோயாளிக்கு எந்த மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று நர்ஸ்களுக்கு நினைவூட்டும் ஆப் ஒன்றைச் செய்ய அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். உன்னையும் இம்ரானையும் கீர்த்தனாவையும் சேர்த்து ஒரு புதுக் குழு போட்டிருக்கிறாள். வேலையில் இறங்குவதற்கு முன்னால் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும், அதற்குப் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் கஸ்டமராக உட்கார வெளியாள் ஒருவர் வேண்டும் என்றாள். "எங்க ஆளுங்களை உக்கார வச்சா எல்லாத்துக்கும் சூப்பர் சூப்பர்னு தலையாட்டிடுவாங்க ஆண்ட்டி. நர்ஸ் யாராச்சும் தெரியுமான்னு கேட்டேன். உங்க பையன் வாயே திறக்கல. இம்ரான்தான், 'ஏன், இவன் அம்மாவே நர்ஸ்தானே'ன்னு போட்டுக் குடுத்தான்."

இதைக் கேட்டு அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல உக்காந்து கட்டை அடுக்கப் போறாங்களா? நானே கொண்டு போய் சேர்த்து விட்டேனே!"

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் நீ எனக்குப் போட்ட நிபந்தனைகள் ஞாபகம் இருக்கிறதா? "அங்க என்னை கண்ணா கிண்ணான்னு கூப்பிடாத." சரி என்றேன். "எனக்கு டிபன் பாக்ஸ் திறந்து வைக்காத." சரி. "என்னையே பார்த்துட்டு இருக்காதம்மா." அப்படியானால் என் கண்ணைக் கட்டித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். பல மாதத்துக்குப் பிறகு உன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றைக்குப் பார்த்தேன்.

பெரிய மேஜை நிறைய, ஒன்றோடொன்று பொருந்துகிற கலர் கலர் கட்டைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். பர்வீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆண்ட்டி, பாசத்தையெல்லாம் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்க. இன்னைக்கு நீங்க கஸ்டமர். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும்" என்றாள். பிறகு எல்லோருக்கும் ஆட்டத்தை விளக்கினாள். நான் கேட்கிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்றை நீங்கள் கட்ட வேண்டும். ஒரேயடியாகக் கட்டக் கூடாது, சுற்றுச் சுற்றாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கொஞ்சம் திட்டம் போட வேண்டும், அப்புறம் கட்ட வேண்டும், கட்டியதை என்னிடம் காட்ட வேண்டும், பிறகு எது சரியாக நடந்தது எது சொதப்பியது என்று உங்களுக்குள் பேச வேண்டும். உங்கள் நிஜ வேலையும் இப்படிச் சின்னச் சின்ன ஓட்டமாகத்தான் நடக்கப்போகிறது, அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் என்றாள். என் தேவைகளைச் சின்ன அட்டைகளில் எழுதி ஒட்டினோம். ஆம்புலன்ஸ் உள்ளே வரை வர வேண்டும். நர்ஸ் உட்காரும் இடத்திலிருந்து எல்லாக் கட்டிலும் தெரிய வேண்டும். பார்க்க வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும்.

முதல் சுற்றில் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டீர்கள். இம்ரான் ஆம்புலன்ஸ் செய்தான். கீர்த்தனா கட்டில்களும் வார்டும் செய்தாள். நீ மேஜையின் அந்தக் கோடியில் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் மறைத்தபடி எதையோ கட்டினாய். நேரம் முடிந்ததும் கையை எடுத்தாய். வளைவு வைத்த வாசல், அதன் மேல் வெள்ளையும் நீலமுமாக உயர்ந்த கோபுரம், உச்சியில் ஒரு மணி. நம் சர்ச் கோபுரத்தைவிட அழகாக இருந்தது. கீர்த்தனா "அய்யோ, எவ்ளோ அழகு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பர்வீன் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கச் சொன்னாள். இம்ரானின் ஆம்புலன்ஸ் உன் வாசலுக்குள் நுழையவில்லை. கோபுரத்தின் அடிச்சுவர் வார்டைப் பாதி மறைத்துவிட்டது. நர்ஸ் நாற்காலியிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டில்தான் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். ஜோயல், அந்த ஒரு நொடியில் நான் பொய் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? சூப்பர் என்று சொல்லியிருந்தால் அந்த வாரம் முழுக்க உன் அறைக்கதவு திறந்தே இருந்திருக்கும். ஆனால் உன் பக்கத்தில் நின்ற மற்ற இருவரும் என்னை நம்பி நின்றார்கள். அந்த நர்ஸிங் ஹோமில் நிஜமாகவே மாத்திரை கொடுக்கப்போகிற பெண்களின் ஞாபகமும் வந்தது.

"அழகா இருக்கு. ஆனா எனக்கு வேணாம்" என்றேன்.

உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், அப்படியே ஆயிற்று. எழுந்து வெளியே மாடி வராந்தாவுக்குப் போய்விட்டாய். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பர்வீன் என் கையைப் பிடித்து, "நீங்க போகாதீங்க ஆண்ட்டி. நீங்க போனா அவர் மறுபடி உங்க பையனாய்டுவாரு" என்றாள். போனது இம்ரான். ஜன்னல் வழியாக உங்கள் இருவரின் முதுகும் தெரிந்தது. நீ ரோட்டைப் பார்த்து நின்றாய், அவனும் பக்கத்தில் வந்து ரோட்டையே பார்த்து நின்றான். எவ்வளவு நேரம் அப்படி நின்றீர்களோ, எனக்கு அது ஒரு யுகம். இம்ரான் என்ன சொன்னான் என்பதை நீ வெகுநாள் கழித்துத்தான் சொன்னாய். "தோஸ்த், என் ஆம்புலன்ஸும்தான் உள்ள போகல. நீ மட்டும் எதுக்கு தனியா பேஜாராகுற? உள்ள வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஆவலாம்."

அந்தப் பையனுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பேன்? ரம்ஜானுக்கு அவன் வீட்டிலிருந்து பிரியாணி வருகிறது, கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுத்தனுப்புகிறேன். அதெல்லாம் அவன் அன்றைக்குச் செய்ததற்கு ஈடாகாது.

இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும்போது நீ என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாய். "மேடம்" என்றாய். பெற்ற மகன் மேடம் என்று கூப்பிடுவதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். "மேடம், வார்டுல நீங்க எங்க உக்காருவீங்க? அங்கிருந்து உங்களுக்கு இன்னா தெரியும்?"

நான் வேலைக்குப் போவதையும் வருவதையும் பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளை நீ. அங்கே நான் எங்கே உட்காருவேன் என்று அதுவரை நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் வார்டின் நடுவில் ஒரு தூண் உண்டு, அதன் பின்னால் உள்ள கட்டில் எங்கள் மேஜையிலிருந்து தெரியாது என்று சொன்னேன். ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்துக் கூட்டத்தில், ஆபரேஷன் முடிந்து அந்தக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா தண்ணீருக்காகத் தானே எழுந்து விழுந்துவிட்டதைச் சொன்னேன். அவர் பிழைத்து நல்லபடியாக வீட்டுக்குப் போனார். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தத் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தே என் கால் தேய்ந்தது என்றேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய். பிறகு எழுந்து மேஜைக்குப் போனாய். உன் கோபுரத்தை உச்சி மணியிலிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கழற்ற ஆரம்பித்தாய். நான் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கோபுரக் கட்டைகளெல்லாம் வார்டுக்குக் குட்டைச் சுவராக ஆகியிருந்தன. நீ பிடித்துக்கொள்ள, இம்ரான் அழுத்திக்கொண்டிருந்தான்.

அப்புறம் நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஓடி ஓடி வந்து என்னைக் கேட்டீர்கள். இவ்வளவு உயரம் போதுமா? கட்டில் இப்படித் திரும்பட்டுமா? பாதி கட்டிய வார்டைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது, கை கழுவ ஓரிடம் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. சொன்னதும் கீர்த்தனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மேடம், இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பர்வீன் சிரித்தாள். "சொல்லமாட்டாங்க கீர்த்தனா. கண்ணால பார்த்தாதான் அவங்களுக்கே தெரியும். அதனாலதான் பாதியிலயே காட்டுங்கன்னு அடிச்சுக்கிறேன்." ஒரு வீட்டில் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். வேண்டியது என்னவென்று கேட்கிறவருக்கும் தெரியாது, கேட்கப்படுகிறவருக்கும் தெரியாது, நடுவில் ஏதாவது ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசிச் சுற்று முடிந்தபோது நின்ற ஆஸ்பத்திரி அழகே இல்லை. பச்சைச் சுவரில் சிவப்பு ஒட்டு, ஒரு பக்கம் மஞ்சள். ஆனால் ஆம்புலன்ஸ் நேராக உள்ளே வந்தது. நர்ஸ் நாற்காலியின் உயரத்துக்குக் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டிலும் தெரிந்தது. "எனக்கு வேணும்" என்றேன். நீங்கள் மூன்று பேரும் கத்திய கத்தலில் கீழ்க்கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

அதன் பிறகு பர்வீன் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, வேலைக்குத் தடையாக இருந்தது எது என்று ஆளுக்கொன்று சொல்லச் சொன்னாள். உன் முறை வந்தது. நீ கையிலிருந்த ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசினாய். "முழுசா முடிச்சுட்டுதான் காட்டணும்னு எனக்கு. பாதியில காட்டினா கேவலம்னு தோணும். சென்னையிலயும் இதான் ஆச்சு. ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். டெய்லி காலைல எல்லாரும் நின்னு பேசும்போது, போய்ட்டிருக்கு, போய்ட்டிருக்குன்னே சொல்லிட்டிருந்தேன். கடைசியா காட்டினப்போ அவங்கல்லாம் வேற வழியில போய் ரொம்ப நாளாய்டுச்சு. நான் செஞ்சது எதோடயும் சேரல. பக்கத்து சீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

சென்னையில் நடந்தது எனக்குத் தெரியவந்தது அப்படித்தான், உன் ஆபீஸ்காரர்கள் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்து. எனக்கு அதில் வருத்தமில்லை கண்ணா. எந்த வாசல் வழியாக வந்தாலும் வந்துவிட்டதே என்றிருந்தது. யாரும் உனக்கு ஆறுதல் சொல்லவில்லை. இம்ரான், "எனக்கும் அதே வியாதி இருக்கு, ஆனா கொஞ்சம் கம்மி" என்றான். பர்வீன் தலையை ஆட்டிவிட்டு, "சரி. நம்மகிட்ட 'போய்ட்டிருக்கு'ன்னு யாராச்சும் சொன்னா, எங்க போய்ட்டிருக்கு, காட்டுன்னு அடுத்தவங்க கேக்கணும்" என்றாள். அவ்வளவுதான். அடுத்து கீர்த்தனாவின் முறை.

திரும்பும்போது பள்ளிகொண்டா டோல்கேட் வந்ததும் நீ பேச ஆரம்பித்தாய். அதன் பிறகு வேலூர் வரும்வரை நிறுத்தவே இல்லை. நாம் இறங்க வேண்டிய இடம் தாண்டியதுகூட இருவருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு பர்வீன் உன் வேலையை நிரந்தரமாக்கினாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது வேறொரு நாள். நர்ஸிங் ஹோமில் முதன்முதலாக அந்த ஆப்பைக் கொண்டுபோய்க் காட்டினீர்கள். அடுத்து எந்தக் கட்டிலுக்கு மருந்து என்பது ஒன்றைத்தான் அது காட்டும், வேறெதுவும் இல்லை. அங்கிருந்த சிஸ்டர் எழுத்துச் சின்னதாக இருக்கிறது, ஒரு கையில் டிரேயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலால் இதை எப்படி அழுத்துவது என்று உங்களைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம். வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, இன்னைக்கு செம திட்டு!" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். உன் கையிலிருந்த பையை வாங்கி வைத்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று அப்பா கேட்டார். வெங்காயம் என்றேன். அன்றைக்கு உப்புமாவில் வெங்காயமே இல்லை என்று சாப்பிடும்போது சொல்லிக் காட்டினார்.

இப்போது ரேச்சல் வரப்போகிறாள். குடியாத்தம் ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள், உன்னையும் மேய்த்துவிடுவாள். ஆம்பூரில் நீ பார்த்து வைத்த வீட்டை அவளுக்குத் திடீரென்று காட்டி ஆச்சரியப்படுத்தப்போகிறாய் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். சரி என்று வாக்குக் கொடுக்கும் முன்னாலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். "சமையலறைக்கு ஜன்னலே இல்ல. நான் இங்க நின்னா நீங்களும்தான் நிக்கணும், பரவால்லயா?" என்றாளாம். வேறு வீடு பார்த்தீர்கள்.

நான் சொல்ல வந்த புத்தி இவ்வளவுதான். சில நாள் அவளும் உன்னிடம் வேணாம் என்பாள். உனக்கு முகம் வாடும், வெளியே போய் நிற்பாய். நில், தப்பில்லை. ஆனால் திரும்பி உள்ளே வா. சில நாள் அவள் வெளியே போய் நிற்பாள். அப்போது பின்னாலேயே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே, பக்கத்தில் நின்று அவள் பார்க்கிற ரோட்டையே நீயும் பார். கஷ்டமோ ஆசையோ, மனதில் முழுசாக உருவான பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதே. குறையாகவே கொண்டுபோய்க் காட்டு. எனக்கும் அப்பாவுக்கும்கூடக் காட்டு. நாங்கள் இருக்கும்வரை கஸ்டமராக உட்கார நாற்காலி போட்டுக் கொடு. பிடிக்கவில்லை என்றால் சொல்வேன், அதற்கும் உன்னைத் தயார் செய்துகொள்.

உனக்கு நான் நன்றி சொல்வது அந்தக் கோபுரத்தைக் கழற்றியதற்காக. வேறு யாராவது தட்டிவிட்டிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லோர் எதிரிலும் உன் கையாலேயே கழற்றினாய். நான் பெற்ற பிள்ளையிடம் அவ்வளவு தைரியம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நீ மாடிப்படியில் உட்கார்ந்து ரேச்சலோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாய். சர்ச்சில் யார் எந்தப் பாட்டைப் பாடுவது என்று அரைமணி நேரமாக வழக்கு நடக்கிறது. உன் மாமா ஒரு பாட்டு என்கிறார், அவள் சித்தி வேறொன்று என்கிறாள். நீ ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தாய். அது எடுபடவில்லை. பழையபடி போய்க் கதவைச் சாத்திக்கொள்வாயோ என்று பயந்தேன். அப்போது நீ சொன்னாய்: "எனக்கு தெரியல ரேச்சல். நிஜமாவே தெரியல. நீ ஒரு தடவை பாடிக் காட்டு, கேக்கறேன்."

அவள் பாடுகிறாள் போலிருக்கிறது. நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். நானும் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அம்மா